கீத் டெல்லர் ஒரு பைனலோடை முடிஞ்ச ஆளோ?

நல்லூரான்:
லூக் லிட்லர் 2025இலை 17 வயசிலை உலகச் சாம்பியன் ஆனதிலை இருந்து லண்டனிலை இருக்கிற எங்கட சொந்தக்காரர் எல்லாம் டாட்ஸ், அதுதான் வட்டப் பலகைக்குச் சின்ன அம்பு எறியிற விளையாட்டிலை, பண்டிதர் ஆகிட்டினம். நேற்று இஞ்ச ஒராள் 1983 சாம்பியன் கீத் டெல்லரையும் "பெரிய ஆட்டக்காரர்" வரிசையிலை போட்டிருக்கிறார். உது கொஞ்சம் ஓவர். அந்தாள் பட்டம் எடுத்தது ஒரேயொருக்கா, அதுவும் பைனலிலை எதிராளி எரிக் பிரிஸ்டோ தட்டிலை வைச்சுக் குடுத்தது, அடுத்த வருசமே முதல் ரவுண்டோடை வெளியாலை.

கொக்குவில் பெடியன்:
அண்ணை, தட்டிலை வைச்சோ? 23 வயசு, குவாலிஃபையர், அதுதான் தகுதிச் சுற்று, விளையாடித்தான் உள்ளுக்கை வந்தவர். வந்து காலிறுதியிலை ஜொக்கி வில்சன், அரையிறுதியிலை ஜோன் லோ, பைனலிலை பிரிஸ்டோ எண்டு அந்தக் காலத்திலை உலகத்தின்ர முதல் மூண்டு பேரையும் ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டா விழுத்தினவர். ஆரப்பா மூண்டு தட்டும் குடுத்தது?

நல்லூரான்:
பைனலிலை செற் கணக்கிலை 5-3 எண்டு முன்னுக்கு நிண்டவர் 5-5 ஆக விட்டவர், அதைச் சொல்லேல்லையே. 501இலை இருந்து கழிச்சுக்கொண்டு வந்து, கடைசி அம்பை டபிள் கட்டத்திலையோ நடுப் புல்லிலையோ குத்திச் சரியாப் பூச்சியத்துக்கு முதல் வாறவருக்குத்தான் அந்தச் சுற்று, அதுதான் லெக். கடைசியிலை பிரிஸ்டோவுக்கு மிச்சம் 50, கையிலை ஒரு டாட். நடுப் புல், அதுதான் பலகை நடுவிலை இருக்கிற 50 புள்ளி வட்டம், அதிலை குத்தினா லெக் அவருக்கு. குத்தேல்லை, 18 எடுத்து 32 வைச்சிட்டு ஒதுங்கினார், டெல்லருக்கு 138 நிக்குது, உவன் எங்க எடுக்கப்போறான் எண்ட எண்ணம். கரம்போட்டிலை கடைசிக் காயை வாயிலை விட்டிட்டு மற்றவன்ர கையைப் பாக்கிற மாதிரி. தலைக்கனம்.

மானிப்பாய்க்காரி:
தலைக்கனம் இல்லை, கணக்கு. அந்த நடுப் புல் ஒரு சதத்துக் குத்தி அளவு, கொஞ்சம் விலத்தினா 25 விழும், பிறகு மிச்சக் கணக்கு குழம்பும். 32 எண்டா டபிள் 16 (16இன்ர ரெண்டு மடங்குக் கட்டம்), அது பிரிஸ்டோவின்ர சொந்தக் கட்டம். 138ஐ மூண்டு டாட்டிலை முடிக்கிறது அப்ப எத்தினை பேராலை ஏலும்? டெல்லர் அடிச்சவர்: ட்ரிபிள் (மூண்டு மடங்கு) 20, ட்ரிபிள் 18, டபிள் 12. ஒவ்வொரு கட்டமும் சின்னிவிரல் அகலம்கூட வராது. எதிரி சரியாத்தான் விளையாடினவர், இவர் அதையும் தாண்டினவர். நான் இதிலை பெடியன்ர பக்கம்.

நல்லூரான்:
சரி அக்கா, அந்த லெக் வடிவான லெக், நான் மாட்டன் எண்டேல்லை. ஆனா பிறகு? பிரிஸ்டோ 5 தரம் உலகச் சாம்பியன், பில் டெய்லர் 16 தரம்.

கொக்குவில் பெடியன்:
1987இலை பிரிட்டிஷ் புரொபெஷனல் எடுத்தவர், அது ரீவியிலை போன பெரிய போட்டி. 1993இலை பழைய சங்கத்தை விட்டு வெளிக்கிட்டு இப்ப பிடிசி எண்டு நிக்கிற தொழில்முறை டாட்ஸ் அமைப்பைத் தொடங்கின 16 பேரிலை இவரும் ஒராள். லிட்லருக்கு இண்டைக்குக் கிடைக்கிற காசு அதாலை வந்தது. பிறகு ரீவிக்கு ஸ்பொட்டர் வேலை, ஆட்டக்காரன் அடுத்ததா எந்தக் கட்டத்துக்கு எறிவான் எண்டு முன்கூட்டியே கமராக்காரருக்குச் சொல்லுற ஆள், மற்றவன்ர மண்டைக்குள்ள ஓடுற கணக்குத் தெரியாம உதைச் செய்ய ஏலாது.

நல்லூரான்:
ஸ்பொட்டர் வேலைக்கும் பெரிய ஆட்டக்காரர் வரிசைக்கும் என்ன தொடுசல்? சங்கம் பிரிச்சது துணிவு, நல்ல விசயம், ஆனா அதுக்கு டபிள் அடிக்கத் தேவையில்லை.

மானிப்பாய்க்காரி:
டெய்லரோடை ஆர் ஒப்பிட்டது தம்பி? "ஒரு பைனலோடை முடிஞ்ச ஆள்" எண்டு நீர்தானே தொடங்கினீர். 1987ஐ எந்தக் கணக்கிலை போடப்போறீர், முதல் அதைச் சொல்லும்.