பேரரசைத் திருத்துறதா, கலைக்கிறதா?

வணக்கம் மக்களே. ஒரு தொடர்கதை எழுதிட்டிருக்கேன், முடிவுல மாட்டிக்கிச்சு. கதையில வர்ற பேரரசு வரி வசூலையே ஏலம் விடுது. ஏலம் எடுத்தவன் போட்ட காசை எடுக்க ஊரைச் சுரண்டுறான். மூட்டைக்கு ஒரு படி உப்பு காவலனுக்கு அளந்தாத்தான் வண்டி சுங்கச்சாவடி தாண்டும். இளவரசி திருத்தணும்கிறா, தளபதி கலைச்சுடணும்கிறான்.

திருத்தலுக்கு, கிழக்கிந்தியக் கம்பெனியோட கவர்னர் ஜெனரலா இருந்த காரன்வாலிஸ் ஞாபகம் வர்றாரு. கம்பெனி கலெக்டர்களுக்குச் சம்பளத்தை ஏத்தி, சொந்த வியாபாரத்தைத் தடுத்தாரு. (இந்தியர்களைப் பெரிய பதவிக்கே விடல, அது தனிக் கதை.) 1858ல ஆட்சி கம்பெனி கையை விட்டுப் போச்சு, 1874ல கம்பெனியையே கலைச்சாங்க. கலெக்டர் பதவி மட்டும் இன்னிக்கும் இருக்கு!

கலைக்கிறதுன்னா, 1565 தலைக்கோட்டைப் போருக்கு அப்புறம் விஜயநகரம் தேஞ்சு, மதுரை, தஞ்சை, செஞ்சி நாயக்கர்கள் தனித்தனியா ஆண்டாங்க. வரி கட்டினவனுக்கு என்ன மாறுச்சு?

எனக்குத் தளபதி பக்கம்தான் சாய்வு. ஆனா கலைச்ச மறுநாள் அந்த ஏலக்காரன் சும்மா இருப்பானா? இங்கதான் பேனா நகரல. வரலாறு படிச்சவங்க வழி சொல்லுங்க. நாயக்கர் கால வரி பத்தி தமிழ்ல எளிமையான புத்தகம் இருந்தா பேர் போடுங்க, கன்னிமாராவுல தேடிக்கிறேன்.