சிட்னி 2022: முழு ஆட்டத்தின் காணொளி யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம். 2022 மகளிர் உலகக் கோப்பைக் கூடைப்பந்தில் ஆஸ்திரேலியாவும் கனடாவும் மூன்றாம் இடத்துக்கு மோதிய ஆட்டம் முழுதாக வேண்டும். என் கண்ணில் படுவதெல்லாம் சில நிமிடச் சுருக்கம்தான்.

மாலையில் எங்கள் ஊர் சிமெண்ட் தரையில் பதினொரு பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சி தருகிறேன். அவர்களில் மிக உயரமானவள், பந்து கைக்கு வரும்வரை கூடைக்கடியில் நட்டுவைத்த கம்பம்போல் நிற்கிறாள். சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டதுதான் மிச்சம். அவளுக்கு ஆஸ்திரேலிய வீராங்கனை லாரன் ஜாக்சனைக் காட்ட வேண்டும். முழங்கால் காயத்தால் 2016-இல் ஓய்வு பெற்றவர், 41 வயதில் திரும்பி வந்து அந்த ஆட்டத்தில் 30 புள்ளிகள் குவித்தார். ஆஸ்திரேலியா 95-65 என வென்றது. அதற்கு முதல் நாள்தான் அரையிறுதியில் சீனாவிடம் 61-59 என்று தோற்றிருந்தார்கள்.

சுருக்கத்தில் பந்து வலைக்குள் விழுவது மட்டும்தான் தெரிகிறது. அதற்கு மூன்று விநாடி முன்னால் அவர் எங்கே நகர்ந்தார், எதிராளியை மறித்து வழிவிட்டது யார் என்பதல்லவா பாடம்!

படம் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, வர்ணனை எந்த மொழியானாலும் சரி. இரண்டாம் பாதி மட்டும் இருந்தாலும் அனுப்புங்கள். அமெரிக்கா சீனாவை வென்ற இறுதி ஆட்டம் வேண்டாம். அது என்னிடம் இருக்கிறது. கைப்பேசியில்தான் காட்டப்போகிறேன், அதனால் கோப்பு சிறியதாக இருந்தால் நல்லது.