தாத்தாவின் மெடலும் ஞானஸ்நானப் புத்தகமும்: நினைவு ஆராதனை மடலில் எழுதுமுன் எதைச் சரிபார்ப்பது?

செந்தூல் பேத்தி:
வணக்கம். தாத்தாவின் முதலாண்டு நினைவு ஆராதனைக்கு 4 பக்க மடல் தயாரிக்கிறோம். மலாயாவில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சி நடந்த அவசரகாலத்தில் (1948–60) படையில் இருந்தவர். பிறகு கோலாலம்பூர் செந்தூல் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர், சபை கமிட்டியில் பல ஆண்டு பொருளாளர். கையில் இருப்பது ஒரு வெள்ளி மெடல், ஊதா ரிப்பன், நடுவில் பச்சைக் கோடு. மேலே "மலாயா" என்று ஆங்கிலத்தில் ஒரு பட்டை. ரிப்பனில் ஒரு சின்ன வெண்கல இலை. விளிம்பில் ஏதோ எழுத்து, படிக்க முடியவில்லை. மெடல் கறுத்துவிட்டது, அம்மா புளி போட்டுத் தேய்க்கலாம் என்கிறார். இன்னொன்று: ஐ.சி.யில் (அடையாள அட்டையில்) பிறந்த ஆண்டு 1930, ஞானஸ்நானப் புத்தகத்தில் 1932. எதைப் போடுவது?

ஊதாப்பச்சை:
முதலில் அம்மாவைத் தடுத்து நிறுத்துங்கள். புளி, சாம்பல், பற்பசை, பித்தளை பாலிஷ் எதுவும் வேண்டாம். குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல் தேய்த்தால் முதலில் போவது விளிம்பு எழுத்துதான். அது போனால் அந்த மெடல் யாருடையது என்று சொல்ல வேறு சாட்சி இல்லை.

நீங்கள் சொல்வது பிரிட்டிஷ் 1918–62 பொதுச் சேவை மெடல். 36 மி.மீ. விட்டம், 32 மி.மீ. ரிப்பன். "மலாயா" பட்டை 16 ஜூன் 1948 முதல் 31 ஜூலை 1960 வரையிலான சேவைக்குரியது. முன்பக்கம் இருப்பது ஆறாம் ஜார்ஜா, எலிசபெத்தா என்று பாருங்கள். ஆனால் அது மெடல் வெளியான காலத்தைத்தான் காட்டும், அவர் சேர்ந்த ஆண்டைக் காட்டாது.

விளிம்பில் பொறித்திருப்பது படை எண், பதவி, பெயர், பிரிவு. இருட்டு அறையில் மெடலைத் துணிமேல் நிமிர்த்தி வைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் மிகத் தாழப் பிடியுங்கள். நேராக அடித்தால் வெள்ளி கூசும், எழுத்து மறையும். பக்கவாட்டு ஒளியில் ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்திலும் நிழல் விழும், தேய்ந்த எழுத்துகூடத் தெரியும். சுற்றளவு ஏறக்குறைய 113 மி.மீ. மெடலைக் கொஞ்சம் கொஞ்சமாக உருட்டி, ஒன்றன்மேல் ஒன்று சற்று ஏறும்படி 6 படம் எடுத்தால் முழு வரியும் கிடைக்கும். பென்சிலால் தேய்த்து எடுக்க வேண்டாம்.

கறுப்பு அழுக்கு அல்ல, வெள்ளி காற்றிலுள்ள கந்தகத்தோடு சேர்ந்து வருவது. அப்படியே விடலாம். பிசுக்கு இருந்தால் காய்ந்த மென்பஞ்சால் ஒற்றி எடுங்கள். ரிப்பனில் தண்ணீர் படவே கூடாது, ஊதாச் சாயம் பச்சையில் இறங்கிவிடும். பி.வி.சி. உறையிலும் ரப்பர் பேண்ட் போட்டும் வைக்காதீர்கள். அமிலமில்லாத மெல்லிய தாளில் சுற்றி, மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். நம் ஊர்க் காற்று ஈரத்துக்குப் பொட்டலத்தை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும்.

இலையைப் பற்றி அவசரப்பட வேண்டாம். வெண்கல ஓக் இலை பெரும்பாலும் போர் அறிக்கையில் பெயர் குறிப்பிடப்பட்டதன் அடையாளம். துணிவுக்கான பாராட்டுக்கும் படையினர் அதே இலையைக் குத்தினார்கள். இரண்டில் எதுவாக இருந்தாலும் பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெஜட்டில் வந்திருக்க வேண்டும், இணையத்தில் இலவசமாகத் தேடலாம். பெயரைப் போட்டு மட்டும் தேடாதீர்கள்: தேவசகாயம் போன்ற ஒரு பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதியிருப்பார்கள்! படை எண்ணைப் போட்டுத் தேடுங்கள்.

சபைக்கணக்கு:
ஆண்டு விஷயத்துக்கு வருகிறேன், சகோதரி. 1948-ல் அவசரகாலத்தில்தான் 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் அடையாள அட்டை வந்தது. பிறப்புப் பத்திரம் இல்லாதவர்கள் வாயால் சொன்ன வயதே அட்டையில் ஏறியிருக்கலாம். பையன் வேலைக்கோ படைக்கோ போக இரண்டு வயது கூட்டிச் சொல்வது நடக்கக்கூடியதுதான். ஞானஸ்நானப் பதிவு குழந்தைப் பருவத்திலேயே எழுதப்பட்டதானால் அதைத்தான் நம்பலாம். ஆனால் பதிவில் இரண்டு தேதி இருக்கும், பிறந்த நாள் ஒன்று, ஞானஸ்நான நாள் ஒன்று. அவசரத்தில் இரண்டாவதைப் பிறந்த நாளாக எடுத்துவிடுவார்கள். சபை ஐயரிடம் (போதகரிடம்) சொல்லி மூலப் புத்தகத்தையே பாருங்கள். பின்னாளில் யாரோ எடுத்த நகலை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

ஞானஸ்நானப் புத்தகத்தோடு நிற்காதீர்கள். திடப்படுத்தல், திருமணப் புத்தகங்களையும் கேளுங்கள். திருமணப் பதிவில் மாப்பிள்ளையின் தொழில் என்ற பத்தி இருந்தால், அந்த நாளில் அவர் படையிலா பட்டறையிலா என்பது ஒரே வரியில் தெரிந்துவிடும். பொருளாளராக இருந்த ஆண்டுகளை ஞாபகத்தில் எழுத வேண்டாம். ஆண்டுக் கணக்கில் அவர் கையெழுத்து இருக்கும். முதல் கையெழுத்து, கடைசிக் கையெழுத்து இரண்டையும் படம் எடுங்கள். காணிக்கைக் கணக்கின் கீழே வரிசையாக அவர் கையெழுத்து இருந்தால், மடலில் மெடலுக்குப் பக்கத்தில் அதைத்தான் நான் போடுவேன்.

பாட்டி கத்தோலிக்கக் குடும்பம் என்றால் அவர் ஞானஸ்நானம் வேறு கோயிலில் இருக்கும். பழைய கத்தோலிக்கப் பதிவுகள் லத்தீனில் இருக்கும், பெயரும் லத்தீன் வடிவம் எடுக்கும்: சூசை என்பவர் யோசேப்புஸ் ஆகிவிடுவார். கோயிலில் திருமணம் நடந்திருந்தால் அதே பதிவின் ஓரத்தில் குறிப்பு எழுதுவார்கள், ஓரத்தையும் படியுங்கள்.

பட்டறை வாசல்:
பதவிப் பெயரை உயர்த்தி எழுதிவிடாதீர்கள். ஃபிட்டர் என்றால் ஃபிட்டர்தான், இஞ்சினியர் என்று போட்டால் கூட வேலை செய்தவர்கள் ஆராதனையில் உட்கார்ந்திருப்பார்கள். சார்ஜ்மேன், ஃபோர்மேன் என உயர்ந்திருந்தால் ஆண்டோடு சொல்லுங்கள். பென்ஷன் கடிதத்தில் சேர்ந்த நாளும் ஓய்வு நாளும் இருக்கும். இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) 1951-ல் தொடங்கியது, பழைய சந்தா அறிக்கை இருந்தால் முதலாளி பெயரை வைத்து இடைவெளியை நிரப்பலாம்.

செந்தூல் பேத்தி:
மிக்க நன்றி. டார்ச் வைத்துப் பார்த்ததில் எண்ணும் பெயரும் தெளிவாகத் தெரிகின்றன, பிரிவின் முதல் இரண்டு எழுத்து மட்டும் தேய்ந்திருக்கிறது. மலாய் ரெஜிமென்ட்டாக இருக்குமா?

ஊதாப்பச்சை:
இருக்காது. அந்தக் காலத்தில் அதில் மலாய்க்காரர்கள் மட்டும்தான். எல்லா இனத்தவருக்குமான ஃபெடரேஷன் ரெஜிமென்ட் 1952-ல் உருவானது. சிக்னல், பொறியியல், போக்குவரத்துப் பிரிவுகளும் இருக்கின்றன. எண்ணோடு இறப்புச் சான்றிதழ், உறவுமுறைக்கான சான்று, படையிலிருந்து விடுவித்த பத்திரத்தின் நகல் வைத்துக்கொண்டு கோலாலம்பூரில் படைவீரர் விவகாரத் துறையிடம் கேளுங்கள். பத்திரத்தை லேமினேட் செய்துவிடாதீர்கள், சூட்டில் பழைய மை பரவினால் திரும்ப வராது. 600 டி.பி.ஐ.யில் இரண்டு பக்கமும் ஸ்கேன் எடுங்கள். பதில் வரும்வரை மடலில் "அவசரகாலத்தில் படையில் பணியாற்றினார்" என்று மட்டும் போடுங்கள். அந்தப் பட்டை சேவையைத்தான் சொல்கிறது, சண்டையைச் சொல்லவில்லை.

சபைக்கணக்கு:
ஆராதனையில் வாசிக்கப் போகிறீர்களானால் 5 நிமிடத்துக்கு 450 சொல் போதும். தேதிகளை அச்சில் விடுங்கள், வாயால் மூன்று நான்குக்கு மேல் சொன்னால் யார் காதிலும் நிற்காது. பிறந்த ஆண்டு முடிவானதும் கல்லறைக் கல்லில் இருப்பதையும் ஒருமுறை பாருங்கள். மடலில் ஒன்று, கல்லில் ஒன்று என்றால் அடுத்த தலைமுறை மறுபடியும் இதே கேள்வியோடு நிற்கும்.