பிரஷ்ய இளவரசர் வில்ஹெல்மின் போர்ப்பணி ஆவணங்கள்: உதவி வேண்டுகிறேன்

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

ஜெர்மனியின் கடைசிப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மின் மூத்த பேரனான இளவரசர் வில்ஹெல்மைப் பற்றிக் கட்டுரை ஒன்று எழுதிவருகிறேன். 1906 ஜூலை 4 அன்று, பட்டத்து இளவரசருக்கும் செசிலியாவுக்கும் தலைமகனாகப் பிறந்த இவருக்கு, 1918இல் முடியாட்சி கவிழ்ந்தபோது வயது 12தான். 1933இல், அரச குலத்தைச் சேராத டோரத்தேயா ஃபான் சால்வியாட்டியை ஜெர்மனியின் பான் நகரில் மணந்துகொள்வதற்காகத் தம் வாரிசுரிமையையும் துறந்தார். அரியணையே இல்லாத நாட்டில் அதன் உரிமையைத் துறப்பது விந்தைதான். ஆயினும் அக்குடும்பம் அதைப் பெரிதாகவே கருதியது.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படை அதிகாரியாக இருந்த இவர், 1940 மே 23 அன்று பிரான்சின் வாலன்சியென் அருகே காயமுற்று, மூன்று நாள் கழித்து பெல்ஜியத்தின் நிவெல் நகரில் இறந்தார். பாட்ஸ்டாமில் நடந்த இறுதிச்சடங்கில் ஏறத்தாழ 50,000 பேர் திரண்டதைக் கண்டு கலங்கிய ஹிட்லர், முன்னாள் அரச குடும்பத்து இளவரசர்கள் போர்முனையில் பணியாற்றுவதைத் தடைசெய்தார்.

ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரிலுள்ள இராணுவ ஆவணக் காப்பகத்தில் அதிகாரிகளின் பணிப்பதிவேட்டைக் கேட்டுப் பெற்ற அனுபவம் உள்ளவர்கள், விண்ணப்பிக்கும் முறையைத் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன். மேலும், இளவரசர் வகித்த 'ஓபர்லாய்ட்னன்ட்' என்னும் ஜெர்மன் இராணுவப் பதவியை 'லெப்டினன்ட்' என்று எழுதிவைத்து, அது ஒரு படி கீழானது என்பதால் அடித்துவிட்டேன்; பொருத்தமான தமிழ்ச்சொல் எவருக்கேனும் தெரியுமா?