டைஸ்லர் ஏன் 27 வயதிலேயே நிறுத்திவிட்டார்?

கேள்வி: 2005 கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை கால்பந்து ஆட்டங்களைத் திரும்பப் பார்க்கிறேன். ஜெர்மனியின் செபாஸ்டியன் டைஸ்லர் வலது பக்கத்திலிருந்து கோல் முன்னால் தூக்கிப் போடும் கிராஸ் ஒவ்வொன்றும் அளந்து வைத்த மாதிரி இருக்கிறது. அடுத்த வருடம் உலகக்கோப்பையிலேயே ஆள் இல்லை. என்ன ஆச்சு?

பதில் 1: முழங்கால்தான், வேறென்ன.

பதில் 2: முழங்கால் பாதிக் கதை. ஹெர்தா பெர்லின் கிளப்பில் அவர் ஆடிய காலத்திலிருந்தே கவனித்தவன் நான். 20 வயதிலேயே ஜெர்மன் கால்பந்தை மீட்க வந்தவர் என்று பத்திரிகைகள் தலையில் தூக்கி வைத்தன. அந்தப் பையனோ கூச்ச சுபாவம். 2001ல், போட்டி கிளப்பான பேயர்ன் மியூனிக் அவரைத் தன் பக்கம் இழுக்க முன்கூட்டியே 2 கோடி மார்க் (அப்போதைய ஜெர்மன் பணம்) கொடுத்த சேதி கசிந்ததும், அதே பெர்லின் ரசிகர்கள் கரித்துக் கொட்டினார்கள். 2002 மே மாதம் ஆஸ்திரியாவுடன் நட்பு ஆட்டத்தில் முழங்காலில் காயம், அந்த வருட உலகக்கோப்பை போனது. 2003 நவம்பரில் மன அழுத்தத்துக்கு மருத்துவமனையில் சேர்ந்தார். அந்த நாளில் அதை வெளியில் சொல்லவே தனித் துணிச்சல் வேண்டும். 2006 மார்ச்சில் பயிற்சியில் மறுபடி அதே வலது முழங்கால். சொந்த மண்ணில் நடந்த உலகக்கோப்பையும் போச்சு. 2007 ஜனவரியில், ஒப்பந்தம் மீதம் இருக்கும்போதே, கால் மேல் நம்பிக்கை இல்லை என்று விலகிவிட்டார்.

பதில் 3: தேசிய அணிக்கு 36 ஆட்டம், 3 கோல். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் சாதாரண ஆட்டக்காரர் என்றுதான் தோன்றும்.

பதில் 2: அதனால்தான் எண்ணிக்கையை விட்டுவிட்டு, ஹெர்தாவுக்கு முன் ஆடிய கிளாட்பாக் கிளப்புக்காக '1860 மியூனிக்' என்ற அணிக்கு எதிராகப் போட்ட கோலைத் தேடிப் பாருங்கள். தன் பாதியிலிருந்தே பந்தோடு ஓடியிருப்பார்.