1876க்கு முன்னால் போக வழி உண்டா? (சாத்தூர் தாலுகா, ஒரு பத்திரமும் ஓர் ஓலையும்)

கரிசல்வாசி:

விருதுநகர் மாவட்டம், சாத்தூர் தாலுகாவில் ஒரு மானாவாரிக் கிராமம். அப்பா வழியில் தாத்தா வரைக்கும் எல்லாம் தெளிவு. அவர் பிறந்தது 1912, பேர் காளியப்பன். அதற்கு மேலே கையில் இருப்பது இரண்டே சான்று.

ஒன்று, முத்திரைத்தாளில் எழுதின கிரயப் பத்திரம். ‘௲௫௰௨௵ தாது வருஷம் தை௴’ என்று ஆரம்பிக்கிறது (௵ வருஷக் குறி, ௴ மாதக் குறி). வாங்குகிறவர் மாடசாமி குமாரன் காளியப்பன். தாத்தாவுக்குத் தாத்தா இவர். தாது வருஷம் என்பதால் 1876 என்று குறித்து வைத்திருக்கிறேன்.

இன்னொன்று ஒற்றை ஓலை, ஒத்திச் சீட்டு மாதிரி தெரிகிறது. ‘௲௧௵ பா’ வரைக்கும் படிக்க முடிகிறது, அதோடு முனை ஒடிந்துபோயிற்று. அடுத்த வரியில் மார்கழி௴ இருக்கிறது. நடுவில் ‘வெலன மகன கரளியபபன’. கரளியப்பன் என்று எங்கள் பக்கம் யாருக்கும் பேர் கிடையாது. வேற்றுக் குடும்பத்து ஓலை எப்படியோ கலந்துவிட்டதா?

1871 சென்சஸ் படிவங்களை எங்கே பார்க்கலாம்? இதற்கு முன்னால் போக எந்த ஆபீசில் என்ன கேட்க வேண்டும்?

ஓலைக்கணக்கு:

முதலில் பத்திரத்தின் தேதி. தாது வருஷம் 1876 சித்திரையில் பிறந்து 1877 பங்குனியில் முடிகிறது. உங்கள் பத்திரம் தை மாதத்தது. ஆகவே 1877 ஜனவரி-பிப்ரவரி. ‘௲௫௰௨’ என்பது ஆயிரம், ஐந்து பத்து, இரண்டு: கொல்லம் ஆண்டு (மலையாள ஆண்டுக் கணக்கு) 1052. திருநெல்வேலிச் சீமையில் கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கும். ஆவணி முதல் டிசம்பர் வரை 824, ஜனவரி முதல் ஆடி வரை 825 கூட்டினால் ஆங்கில வருஷம். 1052 + 825 = 1877. இரண்டு கணக்கும் ஒத்துவருகின்றன. வருஷப் பேரை மட்டும் நம்பக்கூடாது, அறுபது வருஷத்துக்கு ஒருதரம் அதே தாது திரும்ப வரும். 1816லும் ஒரு தாது உண்டு.

இனி அந்த ஓலை. அது வேற்று ஆள் ஓலை என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஓலையில் துணைக்காலும் ‘ர’ எழுத்தும் ஒரே வடிவம். க, பிறகு ஒரு கால், பிறகு ளியப்பன். நீங்கள் அந்தக் காலை ‘ர’ என்று வாசித்திருக்கிறீர்கள். அது காளியப்பன். புள்ளி வைக்கிற வழக்கம் இல்லாததால்தான் ‘மகன’, ‘யபப’ என்று நிற்கிறது. எகர ஏகாரத்துக்கும் வித்தியாசம் காட்டமாட்டார்கள், ஆகவே ‘வெலன’ அநேகமாக வேலன். வேலன் மகன் காளியப்பன்.

தேதியிலும் அதே கால்-ர சிக்கல் இருக்கிறது. ‘பா’ என்பது பார்த்திபவாகவும் இருக்கலாம், ‘பர’ என்று படித்தால் பராபவ, பரிதாபியாகவும் இருக்கலாம். இங்கே கொல்லம் எண் கைகொடுக்கிறது. 1001 மார்கழி என்றால் 1825 டிசம்பர் - 1826 ஜனவரி, அது பார்த்திப வருஷம். பராபவ மார்கழி (1846) என்றால் கொல்லம் 1022 என்று, அதாவது ௲௨௰௨ என்று எழுதியிருக்க வேண்டும். ௲ குறிக்கும் ௧ குறிக்கும் நடுவில் வேறு எழுத்து அழிந்திருக்கிறதா என்று மட்டும் இன்னொருதரம் பாருங்கள். எண் ௧ எழுத்து ‘க’ போலவும், ௨ ‘உ’ போலவும், ௮ ‘அ’ போலவும் இருப்பதால் ஊர்ப் பேர் பக்கத்தில் வரும் எண்ணை எழுத்தோடு சேர்த்துப் படித்துவிடுவது வழக்கமான தப்பு.

படிக்க: டார்ச்சை ஓலைக்குப் பக்கவாட்டில், கிட்டத்தட்ட ஓலையின் மட்டத்திலேயே வைத்து வெளிச்சம் அடித்துப் படம் எடுங்கள். கீறலில் நிழல் விழும், எழுத்து எழும்பும். தேங்காயெண்ணெய், மஞ்சள் எதுவும் தடவாதீர்கள். சுருண்டிருந்தால் வலிந்து நிமிர்த்தாதீர்கள், நாரோடு பிளந்துவிடும். மை பூசுவது, எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவுவது எல்லாம் சுவடி நூலகத்தார் வேலை.

பைமாஷ்:

சென்சஸை விட்டுவிடுங்கள். 1871ல் சென்னை ராஜதானி முழுக்க ஆள் எண்ணினார்கள், ஆனால் வீட்டு வாரியான படிவங்களைச் சேர்த்து வைக்கவில்லை. ஊருக்கு இத்தனை பேர் என்கிற கணக்குதான் மிச்சம். பேர் கிடைக்காது.

நம் பக்கத்தில் சர்க்கார் காகிதம் ஆளைப் பின்தொடரவில்லை, தீர்வையைத்தான் பின்தொடர்ந்தது. ஆகவே நிலத்தைத் தேடினால் ஆள் வருவார். அதற்கு முன்னால் தெரிய வேண்டியது, 19ஆம் நூற்றாண்டில் உங்கள் ஊர் ரயத்துவாரியா (குடிகளே சர்க்காருக்கு நேராகத் தீர்வை கட்டுவது), ஜமீனா (ஜமீன்தார் வழியாகக் கட்டுவது), இனாமா (மானிய நிலம்) என்பது. சாத்தூர் சுற்றுவட்டாரத்தில் அடுத்தடுத்த ஊர்களே வேறு வேறாக இருக்கும். ஜமீன் ஊர் என்றால் குடிகள் பேர் ஜமீன் கணக்கில்தான். சர்க்கார் செட்டில்மெண்ட் (நிலத்தை அளந்து தீர்வை நிர்ணயிப்பது) 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் வந்திருக்கும். இனாம் என்றால் அதிர்ஷ்டம்: இனாம் கமிஷன் 1858ல் ஏற்பட்டது. அது தயாரித்த இனாம் ஃபேர் ரிஜிஸ்டரில் யாருக்கு யார் கொடுத்த மானியம், இப்போது அனுபவிப்பவர் யார், அவருக்கும் முதலில் வாங்கினவருக்கும் என்ன உறவு என்று கேட்டு எழுதியிருப்பார்கள். ஒரே பக்கத்தில் இரண்டு மூன்று தலைமுறை கிடைப்பது இங்கேதான். பூசாரி மானியம், தர்ம மானியம் போன்ற சிறு துண்டுகளும் இதில் வரும்.

ரயத்துவாரி என்றால் இப்போதைய சர்வே எண்ணிலிருந்து ஒவ்வொரு படியாக இறங்க வேண்டும். 1980களின் யூ.டி.ஆர். (நில உடைமை மேம்பாட்டுத் திட்டம்) ‘அ’ பதிவேட்டில் பழைய புல எண் கலம் இருக்கும். அதை வைத்து ரீசெட்டில்மெண்ட் பதிவேடு, அதிலிருந்து முதல் செட்டில்மெண்ட் பதிவேடு, அதற்கும் முன்னால் பைமாஷ் எண் (பழைய நில அளவை எண்). ஒரு படியைத் தாண்டிக் குதித்தால் உட்பிரிவு மாறி வேறொருவர் புஞ்சையில் போய் நிற்பீர்கள். தாலுகா ஆபீஸ், கலெக்டர் ஆபீஸ் பதிவறை, சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகம் என்று இந்த வரிசையில் கேளுங்கள். ‘இல்லை’ என்று வாயால் சொன்னால் தகவல் உரிமைச் சட்ட மனு, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி. ‘எங்கள் முன்னோர் விவரம் வேண்டும்’ என்று எழுதினால் ஒன்றும் வராது. கிராமத்தின் பேர், அந்தக் காலத்துத் தாலுகா, பதிவேட்டின் பேர், புல எண், நான்கும் இருக்கட்டும்.

எழும்பூரில் ‘விருதுநகர் மாவட்டம்’ என்று தேடாதீர்கள். சாத்தூர் 1910 வரை திருநெல்வேலி ஜில்லா, பிறகு ராமநாதபுரம் ஜில்லா. 1910க்கு முந்திய கட்டு திருநெல்வேலித் தலைப்பில் இருக்கும்.

முக்கியமான ஒன்று. உங்கள் பத்திரம் கிரயம். அதில் கண்ட புலத்தைப் பிடித்துக்கொண்டு 1877க்குக் கீழே இறங்கினால் விற்றவரின் பாட்டன் பூட்டன்தான் வருவார்கள், உங்களுடையவர்கள் வரமாட்டார்கள். நிறையப் பேர் ஏமாறுகிற இடம் இது. நான்கெல்லை விவரத்தைப் படியுங்கள். பக்கத்து நிலத்துக்காரர்தான் பெரும்பாலும் வாங்குவார், ஆகவே ‘தங்கள் புஞ்சைக்கு வடக்கு’ என்கிற மாதிரி ஓர் எல்லை இருக்கும். அந்தப் பழைய புஞ்சையைத்தான் பின்தொடர வேண்டும்.

பத்திரத்தின் முதுகையும் பாருங்கள். ‘1 புஸ்தகம், இன்ன வால்யூம், இன்ன பக்கம்’ என்று பதிவுக் குறிப்பு இருந்தால் சார்பதிவாளர் ஆபீசில் நகல் கேட்கலாம். பதிவுச் சட்டம் 1865 ஜனவரி முதல் நடப்பில் உண்டு. ஆனால் நூறு ரூபாய்க்குக் குறைந்த கிரயத்தைப் பதிய வேண்டிய கட்டாயம் இல்லை, கரிசல் புஞ்சை பாதி அப்படியே போயிருக்கும். இணையத்தில் வரும் வில்லங்கச் சான்று இவ்வளவு பின்னால் போகாது. ஆபீசில் பேர் அட்டவணையை ஆளை வைத்துத் தேடச் சொல்ல வேண்டும்.

கரிசல்வாசி:

எல்லையில் ‘தங்கள் புஞ்சைக்கு மேற்கு’ இருக்கிறது! முதுகில் பதிவுக் குறிப்பு இல்லை, ஸ்டாம்ப் வெண்டர் எழுத்து மட்டும். அப்படியானால் வேலன், அவர் மகன் காளியப்பன் (1825), அவர் மகன் மாடசாமி, அவர் மகன் காளியப்பன் (1877) என்று கோடு போட்டுவிடலாமா?

மூன்றாம்தலைமுறை:

பென்சிலால் போடுங்கள்.

தாத்தா பேரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கம் உங்கள் குடும்பத்தில் இருப்பது 1912 காளியப்பனிலேயே தெரிகிறது. ஐம்பது வருஷ இடைவெளியும் பாட்டன்-பேரனுக்குப் பொருந்துகிறது. ஆனால் 1825 காளியப்பனுக்கு நாலு ஆண்பிள்ளை இருந்தால், நாலு பேர் வீட்டிலும் மூத்த பேரன் காளியப்பன்தான். ஒரே தெருவில் நாலு காளியப்பன். ஊர் அவர்களைப் பெரிய, சின்ன, குட்டை, மேலவீடு என்று அடைமொழியில் பிரித்து வைத்திருக்கும், சர்க்கார் கணக்கு அதை விட்டுவிடும். இரண்டு காளியப்பன்களையும் ‘மாடசாமி’ இணைக்கிறார் என்பதற்கு இன்னும் எழுத்துச் சான்று இல்லை.

அதே வழக்கத்தை வைத்தே சோதிக்கலாம். காளியப்பனின் அப்பா வேலன் என்றால், காளியப்பனுக்கு மூத்த மகன் பேர் வேலன் ஆக வேண்டும். அப்படியானால் மாடசாமி இளையவர். ஆகவே செட்டில்மெண்ட் பதிவேட்டில் அந்தப் பழைய கிழக்குப் புஞ்சைக்குக் கூட்டுப் பட்டாவிலோ அடுத்த உட்பிரிவிலோ ஒரு வேலன் நிற்கிறாரா பாருங்கள். நின்றால் உங்கள் கோடு பலப்படும். மாடசாமியே மூத்தவர் என்று தெரிந்தால் வேறு காளியப்பனைத் தேடுங்கள். (மூத்தது சின்ன வயதில் தவறிப்போனால் இந்த வரிசை கலையும், அதையும் மனதில் வையுங்கள்.)

பதிவேட்டில் பேர் இருப்பதால் ஆள் உயிரோடு இருந்தார் என்று அர்த்தமில்லை. பட்டா மாற்றாமல் செத்தவர் பேரிலேயே முப்பது வருஷம் தீர்வை கட்டுவது சர்வ சாதாரணம். அப்பா பேர் எல்லா இடத்திலும் இருக்காது. கிரயத்தைவிடப் பாகப்பிரிவினைப் பத்திரம் பத்து மடங்கு மேல்: அண்ணன் தம்பி எல்லாரும் ஒரே தாளில் வருவார்கள். மைனர் பங்கு இருந்தால் கார்டியனாகத் தாய் பேரும் வரும். 19ஆம் நூற்றாண்டில் பெண்கள் பேர் எழுத்தில் கிடைக்கிற மிகச் சில இடங்களில் அது ஒன்று. இன்னொன்று பரணில் இருக்கும் பித்தளை, செம்புப் பாத்திரம். சீராக வந்ததில் கழுத்துப் பக்கம் உளியால் பேர் வெட்டியிருப்பார்கள். புளி போட்டுத் தேய்க்காமல், மாவை லேசாகத் தூவித் துடைத்துப் பாருங்கள்.

1877 காளியப்பன் 1900க்குப் பிறகு இறந்திருந்தால், 1899 ஜனன மரணப் பதிவுச் சட்டத்தின் கீழ் கிராமத்து மரணப் பதிவேட்டில் வயதோடு இருக்க வாய்ப்புண்டு. தாலுகா ஆபீசிலும் சார்பதிவாளர் ஆபீசிலும் கேளுங்கள். வயது 60, 70 என்று முழு எண்ணாக இருந்தால் ஐந்து வருஷம் இப்படி அப்படி வைத்துக்கொள்ளுங்கள். பிறப்புப் பக்கத்தில் பேர் இருக்காது, ‘ஆண்’ என்று மட்டும் இருக்கும், தகப்பன் பேரை வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

குலதெய்வக் கோயிலில் தலைக்கட்டு வரி நோட்டு யாரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள். வெளியூர் போன பங்காளிகளும் அதில் வருவார்கள், ஓலை இன்னொரு கிளை வீட்டில் கிடக்கலாம். ஆனால் கிளை, கூட்டம் (சாதிக்குள் இருக்கும் குலப் பிரிவுகள்) என்பதை வைத்து அப்பா வழியை நிரூபிக்கப் போகாதீர்கள். கொண்டையங்கோட்டை மறவரிடம் கிளை தாய் வழியில் வருகிறது. சாதிச் சங்க மலரில் வரும் ‘ஆதி வரலாறு’ எல்லாம் வேறு ரகம், அதைக் கோட்டில் சேர்க்க வேண்டாம்.

தாது வருஷப் பஞ்சத்தை (1876-78) ஒட்டி ஒரு பங்காளிக் கிளை திடீரென்று காணாமல் போனால் இரண்டு இடம். ஒன்று திருச்சபை: திருநெல்வேலிப் பக்கம் அந்தப் பஞ்ச காலத்தில் நிறையப் பேர் மதம் மாறினார்கள், ஞானஸ்நானப் பதிவேடு அந்தந்தச் சேகரத்தில் (திருச்சபை வட்டாரத்தில்) இருக்கும். இன்னொன்று கப்பல்: தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் போன கூலிகளின் பட்டியலில் எண், தகப்பன் பேர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடம்பு அடையாளம் வரை உண்டு. இலங்கைத் தோட்டத்துக்குக் கங்காணி கூட்டிப் போனவர்களுக்கு அப்படி ஆள்வாரிப் பட்டியல் எதிர்பார்க்காதீர்கள்.

ஓலைக்கணக்கு:

வெண்டர் எழுத்தைச் சும்மா விடவேண்டாம். ஸ்டாம்ப் விற்ற தேதி, வாங்கின ஆள், அவர் தகப்பன், ஊர் என்று நாலும் அங்கே இருக்கும். பத்திரத் தேதிக்கு ஓரிரு நாள் முன்னால் இருந்தால் சரி. வாங்கின ஆள் காளியப்பனாக இல்லாமல் ‘வேலன்’ என்று இருந்தால் உடனே இங்கே படம் போடுங்கள். ‘௸’ என்று ஒரு குறி வந்தால் அது ‘மேற்படி’. அதற்கு முந்தின வரியில் சொன்ன ஊரோ ஆளோதான், புதுப் பேர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.