எச்110 மதர்போர்டில் ஐ5-8400 அமர்கிறது, ஆனால் திரையில் எதுவும் வரவில்லை

கேள்வி:
வணக்கம். என் கணினியில் எச்110 சிப்செட் (ப்ராசசரை மற்ற பாகங்களோடு இணைக்கும் சிப்) கொண்ட மதர்போர்டு, ஐ3-6100 ப்ராசசர், 8 ஜிபி டிடிஆர்4 ரேம் ஆகியவை உள்ளன. கணக்கு மென்பொருளையும் பிரவுசரையும் ஒருசேரத் திறந்தால் திணறுவதால், பயன்படுத்திய ஐ5-8400 ஒன்றை வாங்கினேன். இரண்டுக்கும் 1151 சாக்கெட்தான், தாராளமாகப் போடலாம் என்று விற்றவர் உறுதியாகச் சொன்னார். ப்ராசசர் சாக்கெட்டில் சரியாக அமர்கிறது, ஃபேனும் சுழல்கிறது. ஆனால் திரை கறுப்பாகவே இருக்கிறது, பீப் ஒலிகூட இல்லை. பழைய ஐ3-ஐ மீண்டும் மாட்டினால் எல்லாம் இயல்பாக நடக்கிறது. மேலும், உறவினர் கொடுத்த 8 ஜிபி டிடிஆர்3 ரேம் காலியாக உள்ள ஸ்லாட்டில் இறங்கவே மறுக்கிறது. ப்ராசசர் பழுதா, அல்லது பயாஸை (கணினியைத் தொடக்கிவைக்கும், மதர்போர்டிலேயே பதிந்துள்ள மென்பொருளை) புதுப்பித்தால் சரியாகுமா?

மறுமொழி 1:
ப்ராசசர் பழுதாக இருக்க வேண்டியதில்லை நண்பரே. பழைய ஐ3 ஓடுவதால் மதர்போர்டும் நலம்தான். இங்கே சிக்கல் 1151 என்ற எண்ணில் இருக்கிறது. உங்கள் ஐ3-6100 ஆறாம் தலைமுறை, எச்110 போர்டு 100 வரிசை; ஐ5-8400 எட்டாம் தலைமுறை. 2015-இல் வந்த ஆறாம் தலைமுறைக்கும் அதற்கடுத்த ஏழாம் தலைமுறைக்கும் 100, 200 வரிசை சிப்செட்கள். 2017 இறுதியில் வந்த எட்டாம் தலைமுறைக்கும் பின்வந்த ஒன்பதாம் தலைமுறைக்கும் 300 வரிசை சிப்செட்கள் என்று இன்டெல் பிரித்துவிட்டது. தொடுபுள்ளிகளின் எண்ணிக்கையும் ஓரத்திலுள்ள வெட்டும் மாறாததால் ப்ராசசர் உள்ளே அமர்ந்துவிடுகிறது. ஆனால் எட்டாம் தலைமுறையின் ஆறு கோர்களுக்கு (ப்ராசசருக்குள் உள்ள செயலாக்கப் பகுதிகளுக்கு) மின்சாரம் கொடுப்பதற்காக, முன்பு பயன்படாமல் ஒதுக்கி வைத்திருந்த சில புள்ளிகள் மின்வழிகளாக மாற்றப்பட்டுள்ளன. ஏழாம் தலைமுறையில் 128 ஆக இருந்த மின்வழிப் புள்ளிகள் எட்டாம் தலைமுறையில் 146 ஆயின. எச்110-க்கு உற்பத்தியாளர் வெளியிட்ட எந்தப் பயாஸிலும் எட்டாம் தலைமுறைக்கான ஆதரவு கிடையாது. ஆகவே புதுப்பிப்பதில் பயனில்லை.

ரேமைத் தயவுசெய்து அழுத்திச் செருக வேண்டாம். டிடிஆர்3-க்கு 240 தொடுபுள்ளிகள், டிடிஆர்4-க்கு 288, நடுவிலுள்ள வெட்டின் இடமும் வேறு, மின்னழுத்தமும் வேறு (1.5 வோல்ட், 1.2 வோல்ட்). எச்110-இலேயே டிடிஆர்3 ஸ்லாட்டுடன் வந்த போர்டுகள் உண்டு என்பதால்தான் பலருக்கு இந்தக் குழப்பம் வருகிறது. உங்களுடையது டிடிஆர்4 போர்டு, அவ்வளவுதான்.

மறுமொழி 2:
பயாஸ் கோப்பில் மாற்றம் செய்து, ப்ராசசரின் சில புள்ளிகளைக் காப்பு நாடாவால் மறைத்து, 100 வரிசை போர்டுகளில் எட்டாம் தலைமுறையை ஓட்டியவர்கள் இருக்கிறார்கள். முயன்று பார்க்கலாமே?

மறுமொழி 1:
பொழுதுபோக்காகச் செய்பவர்களுக்கு அது சரி. கணக்கு எழுதும் கணினியில் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். பயாஸ் எழுதுவது பாதியில் கெட்டால், பயாஸ் பதிந்துள்ள சிப்பைத் தனிக் கருவி கொண்டு மீண்டும் எழுத வேண்டிவரும்.

கேட்டவர்:
விளக்கத்திற்கு நன்றி. விற்றவர் திரும்பப் பெற மறுக்கிறார். இதே போர்டுக்கு ஏழாம் தலைமுறை ப்ராசசர் வாங்குவது மேலா, அல்லது போர்டை மாற்றுவது மேலா?

மறுமொழி 1:
ஐ5-8400 கையில் இருக்கும்போது போர்டை மாற்றுவதே மேல். 300 வரிசையில் எச்310 அல்லது பி360 போர்டு போதும். இசட்370 தேவையில்லை, ஏனெனில் இந்த ப்ராசசரை ஓவர்கிளாக் செய்ய (குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் ஓட்ட) முடியாது. இப்போதுள்ள டிடிஆர்4 ரேமும் ஹீட்சிங்கும் (ப்ராசசரின் சூட்டை வெளியேற்றும் உலோகப் பாகம்) அப்படியே பொருந்தும்; தெர்மல் பேஸ்ட் மட்டும் புதிதாக இடுங்கள். இன்னொரு காரணமும் உண்டு: விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11-இன் ஆதரவுப் பட்டியலில் எட்டாம் தலைமுறை இருக்கிறது, ஐ5-7500, ஐ7-7700 போன்றவை இல்லை. அவற்றை வாங்குவதானால், ஐ3 மாட்டியிருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும்; தொடக்ககால எச்110 போர்டுகள் பழைய பயாஸில் ஏழாம் தலைமுறையை அடையாளம் காணாது.

போர்டைப் பழையதாக வாங்கும்போது சாக்கெட்டின் மூடியைக் கழற்றிச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். ஊசிகள் அனைத்தும் ஒரே சீராக மின்ன வேண்டும். ஓரிடத்தில் மட்டும் ஒளி வேறு விதமாகத் தெறித்தால் அங்கே ஊசி வளைந்திருக்கிறது என்று பொருள், அந்தப் போர்டை விட்டுவிடுங்கள்.

மறுமொழி 3:
ஒரு சிறு சேர்க்கை. கணினியோடு சேர்ந்து வந்த விண்டோஸ் உரிமம் பெரும்பாலும் பழைய போர்டோடு பிணைந்திருக்கும். போர்டு மாறினால் அது செல்லாமல் போகலாம். தனியாக வாங்கிய உரிமமாக இருந்தால், போர்டை மாற்றுவதற்கு முன்பே அதை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்துவிடுங்கள். கணக்கு மென்பொருளின் தரவையும் வெளியே ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.